தோலில் வந்து நிற்கும் புற்றுநோயும் அதைச் சுற்றி நிற்கும் வெள்ளணுக்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், உடலுக்குள் தொடங்கிய புற்றுநோய் தோலுக்குப் பரவுவதைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கின்றன, அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் நோயாளிக்கு மருந்து எழுதித் தருகிற டாக்டர் கிடையாது. பயாப்ஸி எடுத்து அனுப்புகிற சதைத் துண்டை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது என்ன என்று சொல்கிற பேத்தாலஜி டாக்டர். ஆகவே என் பதில்களில் கண்ணாடித் தகட்டில் பார்ப்பதுதான் அதிகம் இருக்கும்.

கேள்வி: என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது தழும்பை ஒட்டி, குண்டூசித் தலை அளவில் தொடங்கி, நாலைந்து கெட்டியான முடிச்சுகள் வந்திருக்கின்றன. வலி இல்லை. "தோலுக்கு வந்திருக்கலாம், பயாப்ஸி எடுக்க வேண்டும்" என்கிறார் டாக்டர். அம்மாவின் எதிர்ப்பு சக்தி குறைந்ததால்தான் இது வந்ததா? நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லையா? கத்தி பட்டால் இன்னும் பரவிவிடும் என்றும் சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவும் என்று பயந்து தள்ளிப் போடாதீர்கள். அந்த இடத்தை மரத்துப்போக வைத்து, சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். அந்தத் துண்டு இல்லாமல் இது புற்றுநோயா, தழும்புக் கட்டியா, வேறு ஏதாவதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இன்னொரு காரணமும் உண்டு: மூன்று வருடத்துக்கு முன்னால் கட்டியில் பார்த்த ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 என்ற புரதமும் இப்போது தோலில் வந்திருப்பதில் மாறியிருக்கலாம், மாறியிருந்தால் மருந்தும் மாறும். பழைய ரிப்போர்ட்டையே வைத்துக்கொண்டு புது மருந்து முடிவு செய்வது சரியில்லை.

இனி எதிர்ப்பு சக்தி. அம்மா சாப்பிட்டதிலோ, தூங்கியதிலோ, நீங்கள் பார்த்துக்கொண்டதிலோ குறை இருந்ததால் இது வரவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, நோய் நடந்துகொள்கிற விதமே அப்படி. எதிர்ப்பு சக்தி என்றதும் நாம் தொட்டியில் தண்ணீர் மட்டம் மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்கிறோம், குறைந்தால் நோய், நிரம்பினால் ஆரோக்கியம் என்று. உண்மையில் அது பல வகைச் செல்கள் சேர்ந்து செய்கிற வேலை, அதில் அடிக்கிறவையும் உண்டு, அடிக்காதே என்று தடுக்கிறவையும் உண்டு. தோல் அதில் மிகவும் காவல் மிகுந்த இடம். 2006-ல் வந்த ஒரு கணக்குப்படி, வளர்ந்த ஒருவரின் தோலில் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் ஏறக்குறைய 2000 கோடி தங்கியிருக்கின்றன, ரத்தத்தில் ஓடுவதைப் போல இரண்டு மடங்கு. இவை போக, மேல்தோலில் கிளைகளை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் வேறு. 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் மாணவராக இருக்கும்போது கண்டவை அவை. பார்த்த மாத்திரத்தில் நரம்புச் செல் என்றே நினைத்தார், காவல் வேலை செய்பவை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

இத்தனை காவல் இருந்தும் எப்படி? மார்பிலிருந்து கிளம்பும் புற்றுச் செல்களில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப் போகின்றன. ரத்தத்திலும் நிணநீரிலும் பயணம் செய்து, தோலில் ஊன்றி, முடிச்சாக வளர்கிறவை மிச்சத்திலும் மிச்சம். அம்மாவின் வெள்ளணுக்கள் இத்தனை நாளும் பிடிக்க முடிந்தவற்றையெல்லாம் பிடித்திருக்கும். பிடிபடாமல் ஒளியத் தெரிந்த செல்கள்தான் மீந்து வளர்ந்திருக்கின்றன. உறுப்பு மாற்று செய்துகொண்டு, எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருப்பவர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகம் வருவது உண்மைதான். ஆனால் தோலுக்குப் பரவிய பெரும்பாலானவர்களின் ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை சாதாரணமாகவே இருக்கக்கூடும். அம்மாவிடம் "உனக்கு சக்தி குறைந்துவிட்டது" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வார்த்தை நோயாளியை எவ்வளவு குற்ற உணர்ச்சியில் தள்ளுகிறது என்பதை எனக்கு வரும் கடிதங்களிலேயே பார்க்கிறேன்.

கேள்வி: கணவருக்கு எடுத்த தோல் பயாப்ஸி ரிப்போர்ட்டில், "கட்டியின் ஓரத்தில் லிம்போசைட்டுகள் காணப்படுகின்றன, உள்ளே குறைவு" என்று ஒரு வரி இருக்கிறது. டாக்டர் அவசரத்தில் இருந்தார், கேட்க முடியவில்லை. இது நல்லதா, கெட்டதா?

இந்த மாதிரி வரியை எழுதுகிற ஆள் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் தோல் துண்டை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டியிருப்பார்கள். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் மேலே ஊதா நிறத்தில் மேல்தோல், கீழே இளஞ்சிவப்பு நார்கள். அந்த நார்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக, கோணல் மாணலான பெரிய உட்கருக்களோடு புற்றுச் செல்கள். லிம்போசைட்டுகள் வெள்ளணுக்களில் ஒரு வகை, மேலே சொன்ன டி செல்களும் அதில் அடக்கம். அவற்றை அடையாளம் காண்பது சுலபம்: சின்ன, உருண்டையான, அடர்ந்த நீலப் புள்ளிகள், உட்கருவே ஏறத்தாழ ஒரு சிவப்பணு அளவுதான், சுற்றிலும் சதை என்று பார்த்தால் ஒரு மெல்லிய விளிம்பு. சாதாரணச் சாயத்தில் எல்லா லிம்போசைட்டும் ஒரே மாதிரி தெரியும். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தனிச் சாயம் போட வேண்டும். சிடி8 என்ற சாயம் போட்டால் கொல்லும் டி செல்கள் மட்டும் பழுப்பாக எழும்பி வரும்.

அந்தப் பழுப்புப் புள்ளிகள் எங்கே நிற்கின்றன என்பதில்தான் விஷயம். சில தகடுகளில் அவை புற்றுச் செல்களுக்கு நடுவே புகுந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே செத்துச் சுருங்கிய புற்றுச் செல்களும் கிடக்கும். சிலவற்றில் ஒரு புள்ளிகூட இருக்காது, யாருமே தகவல் சொல்லாத மாதிரி. இன்னும் சிலவற்றில் உங்கள் கணவருடையது போல, கட்டியின் ஓரத்தில் மாலை கட்டியது போல வரிசையாக நிற்கும், உள்ளே மட்டும் போகாது. நான் இந்த மூன்றாவது வகையைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்துவிட்டன, அடையாளமும் கண்டுவிட்டன, ஆனாலும் வாசலில் நின்றுவிட்டன.

ஏன் நின்றன? கட்டியைச் சுற்றியுள்ள நார்ச் செல்கள் கெட்டியான வலை பின்னுவதும், டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் சுரந்து டி செல்களை விலக்குவதும் ஒரு காரணம். உள்ளே போனவற்றுக்கும் வேலை சுலபம் கிடையாது. கொல்லும் டி செல், புற்றுச் செல்லின் மேல் ஒட்டி, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் ஓட்டை போட்டு, அந்த வழியே கிரான்சைம் என்பதை உள்ளே அனுப்பிக் கொல்கிறது. ஆனால் எந்தச் செல்லைக் கொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரிய, அந்தச் செல் தன் உள்ளே இருக்கும் புரதத் துணுக்குகளை வெளிச்சுவரில் காட்ட வேண்டும். தப்பிக்கத் தெரிந்த புற்றுச் செல் அந்தக் காட்டும் பலகையையே கழற்றிவிடுகிறது. பலகை இல்லாத செல்லைப் பிடிக்கத்தான் இயற்கைக் கொல்லி செல்கள் என்று தனியாக ஒரு வகை இருக்கிறது, ஆனால் கட்டிக்குள் அவையும் எண்ணிக்கையில் குறைவாகவோ சோர்ந்தோ இருப்பது வழக்கம்.

அப்புறம் பிடி-1. இது டி செல்லின் மேல் இருக்கும் ஒரு பிரேக். தொற்று நோய் வந்து அடங்கிய பிறகும் டி செல்கள் அடித்துக்கொண்டே இருந்தால் நம் உடம்பே பாழாகும், அதனால் இயற்கை வைத்த பிரேக் அது. புற்றுச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன் மேல் வளர்த்துக்கொண்டு அந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. ஜப்பானில் தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-ல் பிடி-1-ஐக் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் அலிசன் சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை விடுவித்தால் டி செல்கள் கட்டியைத் தாக்கும் என்று காட்டினார். இருவருக்கும் சேர்த்து 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இம்யூனோதெரபி என்று சொல்லிப் போடுகிற பல ஊசிகள் இந்த பிரேக்கை எடுக்கிற மருந்துகள்தான்.

மேக்ரோஃபேஜ்களை நான் இன்னும் சொல்லவில்லை. குப்பையை விழுங்குவதும் புண்ணை ஆற்றுவதும் அவற்றின் வேலை. கட்டிக்குள் போன பிறகு பல மேக்ரோஃபேஜ்கள் அதையும் ஆறாத புண்ணாகவே எடுத்துக்கொண்டு, புது ரத்தக் குழாய் வளர்க்கவும் டி செல்களை அடக்கவும் தொடங்கிவிடுகின்றன. எனவே "வெள்ளணுக்கள் நிறைய இருக்கின்றன" என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த வகை, என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஒரு வரியை வைத்து நல்லது, கெட்டது என்று நான் சொன்னால் தப்பாகிவிடும். மார்பகத்தில் தொடங்கிய மூல கட்டியில், முக்கியமாக ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2-வும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ் வகையிலும் ஹெர்2 வகையிலும், லிம்போசைட்டுகள் நிறைய உள்ளே இருந்தால் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. தோலுக்குப் பரவிய முடிச்சில் அதே கணக்கை அப்படியே போட முடியாது. ஒரே ஆளின் நெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு முடிச்சுகளில் ஒன்றில் டி செல்கள் நிறைந்திருக்கும், இன்னொன்று வெறுமையாக இருக்கும், அப்படியும் உண்டு. டாக்டரிடம் அடுத்த முறை கேட்க வேண்டியது இது: மூல நோய் எது, இந்த வகைக்கு பிடி-எல்1 பரிசோதனை பயன்படுமா, பயன்படும் என்றால் இதே துண்டில் செய்யலாமா? மெழுகில் பதித்த மிச்சத் துண்டு பத்திரமாக இருக்கும், பெரும்பாலும் மறுபடி வெட்டத் தேவையில்லை.

கேள்வி: மார்பு முழுக்கச் சிவந்து, சூடாக இருக்கிறது. சிவந்தால் உடம்பு எதிர்த்துப் போராடுகிறது என்று அர்த்தம் என்று படித்தேன். விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள், இந்த வாரமே போய்க் காட்டுங்கள். நீங்கள் படித்தது காயத்துக்கும் தொற்றுக்கும் சரி. ஆனால் மார்பகப் புற்றுநோய் தோலுக்கு வரும் விதங்களில் ஒன்று பார்ப்பதற்கு அப்படியே அக்கி மாதிரியோ தோல் தொற்று மாதிரியோ சிவந்து, ஓரம் கொஞ்சம் தடித்து இருக்கும். அந்தத் துண்டைத் தகட்டில் பார்த்தால் நாம் எதிர்பார்க்கிற வெள்ளணுக் கூட்டம் பெரிதாக இருக்காது. தோலின் நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுச் செல்கள் அடைப்பு போட்டிருக்கும், வெளியேற வேண்டிய நீர் தேங்கித்தான் அந்தச் சிவப்பும் வீக்கமும். இதைத் தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக்காக வாரக்கணக்கில் ஓடிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஒரு சுற்று மருந்து முடிந்தும் சிவப்பு குறையவில்லை என்றால் பயாப்ஸி எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். உண்மையான தொற்றாக இருந்தாலும் அதற்கும் உடனே மருந்து வேண்டும், ஆக எப்படிப் பார்த்தாலும் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: தோலில் இருக்கும் கட்டிக்குள்ளேயே ஊசி போட்டு வெள்ளணுக்களைத் தூண்டிவிட முடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, அதுவும் பழைய உண்மை. 1891-ல் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற சர்ஜன், தோல் தொற்று ஒன்று கடுமையாக வந்து போன நோயாளிக்குக் கட்டியும் கரைந்திருந்ததைத் தெரிந்துகொண்டு, அதே கிருமியைக் கட்டிகளுக்குள் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார். சிலருக்குக் கரைந்தது, சிலர் அந்தத் தொற்றிலேயே இறந்தார்கள். 1970-களில் மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றுநோயின் தோல் முடிச்சுகளுக்குள் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி-யைப் போட்டார்கள். போட்ட முடிச்சு பலருக்குச் சுருங்கியது, சில பேருக்கு ஊசியே படாத பக்கத்து முடிச்சும் சுருங்கியது. ஓரிடத்தில் பாடம் படித்த டி செல்கள் ரத்தத்தில் ஏறி வேறிடத்துக்கும் போகின்றன என்பதற்கு அது கண்ணால் பார்க்கிற சாட்சி. தோலில் இருப்பதால்தான் இதைப் பார்க்கவும் அளக்கவும் முடிந்தது, நுரையீரலுக்குள் என்றால் ஸ்கேனில்தான் ஊகிக்க வேண்டும்.

2015-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக் இதே வழியில் வந்தது. வாய்ப்புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை மாற்றி, கட்டிச் செல்லுக்குள் பெருகி அதை உடைக்கவும், கூடவே டென்ட்ரிட்டிக் செல்களை அழைக்கிற ஒரு புரதத்தைச் சுரக்கவும் செய்திருக்கிறார்கள். செல் உடைந்து சிதறும் துணுக்குகளை டென்ட்ரிட்டிக் செல்கள் பொறுக்கி, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டு போய் டி செல்களிடம் காட்டும். ஆனால் இதன் அனுமதி மெலனோமாவுக்குத்தான். மார்பகப் புற்றுநோயின் தோல் முடிச்சுகளில் வெள்ளணுக்களைத் தூண்டும் இமிகிமோட் என்ற களிம்பைத் தடவிப் பார்த்த சின்ன ஆய்வு ஒன்று 2012-ல் வந்தது, 10 பேரில் 2 பேருக்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. கதவு கொஞ்சம் திறக்கிறது என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்லக் கூடாது. களிம்பை நீங்களாக வாங்கித் தடவிப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: மெலனோமாவுக்கு இம்யூனோதெரபி எடுக்கும் அப்பாவுக்கு முதல் இரண்டு ஊசிக்குப் பிறகு தோல் முடிச்சுகள் பெரிதாகத் தெரிகின்றன. கூடவே கையிலும் முகத்திலும் வெண்புள்ளி போல வருகிறது. மருந்தை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் அடுத்த ஊசிக்கு முன்னால் கட்டாயம் காட்டுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முடிச்சு பெரிதாவது பெரும்பாலும் நோய் வளர்வதால்தான், அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. கொஞ்சம் பேருக்கு மட்டும், பிரேக் எடுக்கப்பட்ட டி செல்கள் கூட்டமாக உள்ளே புகுவதால் முடிச்சு முதலில் வீங்கி, பிறகு வற்றும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கும் கட்டி என்றால் சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துத்தான் முடிவு செய்வார்கள், தோலில் என்பதால் உங்கள் அப்பாவுக்கு ஒரு வசதி, ஒரு துண்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட துண்டில் புற்றுச் செல்கள் இருந்த இடம் முழுக்க லிம்போசைட்டுகளும், செத்த செல்லின் நிறமியை விழுங்கிக் கறுத்துப்போன மேக்ரோஃபேஜ்களும் மட்டுமே நிறைந்திருக்கும். முடிச்சு வெளியே இன்னும் கறுப்பாகவே தெரியும், ஆனால் உயிரோடு ஒரு புற்றுச் செல்கூட இருக்காது. எனக்கு இந்த வேலையில் மனம் நிறைகிற நாள் என்றால் அதுதான். வீட்டில் வாரம் ஒரு முறை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள், டாக்டருக்கு மிகவும் உதவும்.

வெண்புள்ளி வேறு கதை. மெலனோமா செல்லும் தோலின் சாதாரண நிறமிச் செல்லும் ஒரே குடும்பம், இரண்டிலும் ஒரே புரதங்கள் உண்டு. கட்டியை அடிக்கக் கற்ற டி செல்கள் சாதாரண நிறமிச் செல்லையும் அடிப்பதால் அந்த இடம் வெளுக்கிறது. மெலனோமா நோயாளிகளில், வெண்புள்ளி வந்தவர்களுக்குச் சிகிச்சை நன்றாகக் கேட்பது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உறுதிமொழி கிடையாது, ஆனால் பயப்பட வேண்டிய அறிகுறியும் கிடையாது. வெளுத்த தோல் வெயிலில் சுலபமாகப் பொசுங்கும், மூடி வைக்கச் சொல்லுங்கள். பேதி, மூச்சு வாங்குதல், உடம்பெங்கும் கொப்புளம் இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், டி செல்கள் குடலையும் நுரையீரலையும் தோலையும் தாக்கலாம்.

கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பவுடர், மாத்திரை ஏதாவது சேர்த்துக் கொடுக்கலாமா?

தோல் முடிச்சைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்பட்ட பவுடர் எதுவும் இல்லை. மேலே சொன்னதை மறுபடி பாருங்கள்: டி செல்கள் குறைந்ததால் வந்த சிக்கல் இல்லை இது, ஓரத்தில் நிறுத்தப்பட்டதால், பிரேக் அழுத்தப்பட்டதால் வந்த சிக்கல். என்ன கலந்தது என்று தெரியாத பொடியில், வெள்ளணுக்களை அடக்கும் ஸ்டீராய்டு கலந்திருந்தால், இம்யூனோதெரபி செய்கிற வேலையையே அது கெடுக்கலாம். பக்க விளைவை அடக்க டாக்டர் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு, அதைச் சொன்னபடி சாப்பிடுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு நெஞ்சில் முடிச்சுகள் உடைந்து புண்ணாகியிருக்கின்றன. நான்தான் கட்டு மாற்றுகிறேன். என் குழந்தைகள் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குத் தொற்றுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

தொற்றாது. கூச்சப்பட வேண்டாம், இதை மனதிலேயே வைத்துக்கொண்டு தள்ளி நிற்கிறவர்கள் நிறையப் பேர், கேட்டது நல்லது. உங்கள் அக்காவின் புற்றுச் செல் உங்கள் விரலில் பட்டாலும், அது உங்களுக்கு வேற்றாள் செல். வேறொருவர் சிறுநீரகத்தை வைத்தால் மருந்தில்லாமல் உடம்பு ஏற்காது இல்லையா, அதே காரணம்தான், உங்கள் டி செல்கள் அதை உடனே அடையாளம் கண்டு அழித்துவிடும். அக்காவின் டி செல்களுக்கு அது சொந்தச் செல்லின் முகத்தோடு தெரிவதால்தான் அவ்வளவு சிரமம்.

கட்டு மாற்றும்போது கையுறை போடுவது புண்ணில் சேரும் பாக்டீரியாவுக்காக. நாற்றமும் அவற்றால்தான் வருகிறது, மெட்ரோனிடசோல் ஜெல் தடவினால் பலருக்கு நன்றாகக் குறையும், டாக்டரிடம் கேளுங்கள். ஒட்டிக்கொள்ளாத வகைக் கட்டுத்துணி கேட்டு வாங்குங்கள். பழைய கட்டு ஒட்டியிருந்தால் சலைன் விட்டு நனைத்து, அது தானாக இளகிய பிறகு எடுங்கள், இழுத்தால் ரத்தம் கசியும். குழந்தைகள் பக்கத்தில் படுக்கட்டும், கட்டின் மேல் கை கால் அழுந்தாத பக்கமாகப் படுக்க வையுங்கள்.